மின்னூலகமும் இணைய வாசகர் வட்டமும்: கடலூர், சிதம்பரம் வாசகர்களுக்கு

புதுமைப்பித்தன் 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். ஜெயகாந்தன் 1934-இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். இரண்டும் இன்றைய கடலூருக்குள் இருக்கும் பகுதிகள். ஒரே ஊரில் பிறந்த இந்த இருவரில் முன்னவரின் கதைகளை உங்கள் போனிலேயே, காசில்லாமல், சட்டத்துக்கு உட்பட்டுப் படித்துவிடலாம். பின்னவரின் கதைகளை நூலகத்தில் எடுக்க வேண்டும், அல்லது கடையில் வாங்க வேண்டும். இந்த வேறுபாடு ஏன் என்று விளங்கிக்கொண்டால், இணையத்தில் எதை நம்பி எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற குழப்பம் தீர்ந்துவிடும்.

இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் புத்தகங்கள் ஓர் ஆயுளில் படித்துத் தீராத அளவுக்கு இருக்கின்றன. படித்ததைப் பேச ஆள் கிடைப்பதுதான் கடினம். பண்ருட்டியில் கடை வைத்திருப்பவருக்கும், திட்டக்குடியில் ஆசிரியராக இருப்பவருக்கும், லால்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவருக்கும் ஒரே மாலையில் ஒரே கதையைப் பேச ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை நீங்களே ஏற்படுத்திக்கொள்ள முடியும். அதற்குப் பெரிய அமைப்போ பணமோ தேவையில்லை. முறையான புத்தகமும், மாறாத நேரமும், பொறுப்பெடுக்க இரண்டு மூன்று பேரும் போதும்.

எது இலவசம், எது இல்லை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினுடையது. அதன்படி ஓர் எழுத்தாளரின் படைப்பு அவர் வாழும் காலமும், மறைந்த பிறகு 60 ஆண்டுகளும் உரிமைக்கு உட்பட்டது. கணக்குப் போடுவது எளிது. அவர் மறைந்த ஆண்டோடு 60-ஐக் கூட்டுங்கள். வரும் ஆண்டின் டிசம்பர் 31 கடந்திருந்தால் அந்தப் படைப்பு எல்லோருக்கும் பொது. ஆசிரியர் மறைந்த பின் முதன்முறையாக அச்சேறிய படைப்புக்கு, அச்சேறிய ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளை எண்ண வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. அரசு ஓர் எழுத்தாளரின் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறது. பிறகு அவற்றை யாரும் அச்சிடலாம், இணையத்தில் ஏற்றலாம். 1949-இல் பாரதியாரின் படைப்புகளை அரசு வாங்கியதிலிருந்து இந்த வழக்கம் தொடர்கிறது. புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் 2002-இல் நாட்டுடைமை ஆயின. 60 ஆண்டுக் கணக்கும் 2008-இல் முடிந்துவிட்டது. ஜெயகாந்தன் 2015-இல் மறைந்தார். அரசு இடையில் நாட்டுடைமை ஆக்கினாலொழிய அவருடைய எழுத்து 2075-ஆம் ஆண்டின் கடைசி நாள் வரை அவருடைய வாரிசுகளுக்கு உரியது.

வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழும் பிடிஎஃப் கோப்புகளில் பல இந்தக் கணக்குக்கு வெளியே உள்ளவை. வாழும் எழுத்தாளரின் புதிய நாவலை யாரோ ஸ்கேன் செய்து பரப்பியிருப்பார்கள். உங்கள் வட்டத்தில் அப்படி ஒரு கோப்பு வந்தால் நீக்கிவிடுங்கள், அனுப்பியவரிடம் காரணத்தையும் சொல்லுங்கள். தமிழில் எழுதிப் பிழைப்பது ஏற்கெனவே கடினம். வாசகர் வட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு எழுத்தாளரின் வருமானத்தில் கை வைப்பது தகாது.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. மூலம் பொதுவானாலும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. டால்ஸ்டாய் பொதுச்சொத்து. அவரை அண்மையில் தமிழாக்கியவரின் உழைப்பு அவருக்கே சொந்தம். அதுபோலவே செம்பதிப்பின் முன்னுரையும் குறிப்புகளும் பதிப்பாசிரியருக்கு உரியவை. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து காலச்சுவடு வெளியிட்ட புதுமைப்பித்தன் தொகுப்பில் கதைகள் பொதுவானவை, பதிப்பாசிரியரின் ஆய்வுக் குறிப்புகள் அப்படியல்ல.

புத்தகம் இருக்கும் இடங்கள்

கீழே உள்ள பெயர்களைத் தேடுபெட்டியில் தமிழிலேயே தட்டச்சு செய்தால் அந்தத் தளம் கிடைக்கும்.

மதுரைத் திட்டம்: 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில், பல நாடுகளில் உள்ள தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் ஏற்றினார்கள். அமெரிக்காவில் 1971-இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தைப் போன்ற தமிழ் முயற்சி இது. சங்க இலக்கியம் முதல் கல்கி, புதுமைப்பித்தன் வரை உண்டு. பெரும்பாலானவை எழுத்து வடிவில் இருப்பதால் கோப்பு சிறியது, டேட்டா அதிகம் செலவாகாது. ஒரு சொல்லைத் தேடி நேரே அந்த வரிக்குப் போகவும் முடியும். தொடங்குபவர் முதலில் வர வேண்டிய இடம் இதுதான்.

தமிழ் மின்னூலகம்: தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்துவது. பழைய அச்சு நூல்கள், இதழ்கள், ஓலைச்சுவடிகள் ஆகியவற்றின் பக்கப் படங்கள் இங்கே உள்ளன. ஊர் வரலாறு தேடுபவர், 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பைக் கண்ணால் பார்க்க விரும்புபவர், பழைய இதழ்களைப் புரட்ட நினைப்பவர் எல்லோரும் இங்கே வரலாம். படக் கோப்புகள் பெரியவை என்பதால் வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள்.

விக்கிமூலம்: தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் இங்கே ஏறியுள்ளன. திரையின் ஒரு பக்கம் நூலின் படம், மறு பக்கம் அதன் எழுத்து வடிவம். கணினி படித்ததில் உள்ள பிழைகளை யாரும் திருத்தலாம். வாசகர் வட்டத்தில் இருக்கும் கல்லூரி மாணவர்களுக்கு நல்ல வேலை இது. ஒரு பக்கம் திருத்தினால் அடுத்து வருகிறவருக்கு ஒரு பக்கம் சுத்தமாகக் கிடைக்கும்.

ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்: 2013 முதல் இயங்குகிறது. எழுத்தாளர்கள் தாங்களே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பகிரத் தந்த நூல்கள் இங்கே கிடைக்கும். வாழும் எழுத்தாளரின் நூல் சட்டப்படி இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் அரிய இடங்களில் ஒன்று. ஒவ்வொரு நூலும் ஈபப் வடிவிலும், சிறு திரைக்கு ஏற்ற ஆறு அங்குல பிடிஎஃப் வடிவிலும் உண்டு.

நூலகம்: ஈழத்துத் தமிழ் எழுத்துகளுக்கான மின்னூலகம், 2005-இல் தொடங்கியது. நூல்கள், இதழ்கள், செய்தித்தாள்கள், நினைவு மலர்கள் என்று விரிந்தது. சிதம்பரத்தாருக்கு இதில் தனி உறவு உண்டு. யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவரைப் படிக்க விரும்புவோர் இங்கே தேடலாம்.

இந்திய தேசிய மின்னூலகம்: காரக்பூர் ஐஐடி உருவாக்கியது, 2018-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பல மொழிகளின் நூல்களையும் பாடப்பொருள்களையும் ஒரே தேடலில் காட்டும். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் போட்டித் தேர்வு எழுதுவோருக்கும் பயன்படும்.

போனில் படிக்கும் முறை

பிடிஎஃப் கோப்பில் பக்கம் மாறாமல் நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். ஈபப் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கு ஏற்ப மடங்கும். ஆகவே வயதானவர்களுக்கு எப்போதும் ஈபப் வடிவத்தைத் தேடிக் கொடுங்கள். பிளே ஸ்டோரில் ஈபப் படிக்கும் இலவசச் செயலிகள் பல உண்டு. எந்தச் செயலியானாலும் மூன்றை மட்டும் பாருங்கள்: தமிழ் எழுத்து உடையாமல் தெரிகிறதா, இணையம் இல்லாதபோதும் திறக்கிறதா, நிறுத்திய இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறதா.

பழைய கோப்புகள் சிலவற்றில் எழுத்துக்குப் பதிலாகப் புரியாத குறிகள் தெரியும். ஒருங்குறி (யூனிகோட்) வருவதற்கு முன் வேறு குறியீட்டில் தட்டச்சு செய்தவை அவை. மதுரைத் திட்டத்தில் அதே நூலின் ஒருங்குறி வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

அடுத்த மாதத்துக்கான நூலை முன்கூட்டியே இறக்கிவைப்பது நம் மாவட்டத்தில் கட்டாயம் என்றே சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மின்சாரமும் நெட்வொர்க்கும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்தபோது பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. போனுக்குள் இருக்கும் புத்தகத்துக்கு சிக்னல் தேவையில்லை.

ஏற்கெனவே நடக்கும் கூட்டங்களில் சேருங்கள்

சொந்தமாக வட்டம் தொடங்குவதற்கு முன் நடக்கும் கூட்டங்கள் சிலவற்றில் போய் உட்கார்ந்து பாருங்கள். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, அதுவரை அரங்குகளில் கூடிய இலக்கிய அமைப்புகள் பல ஸூமுக்கு வந்தன. சென்னையில் கூட்டம் என்றால் பேருந்தில் நான்கைந்து மணி நேரம் போய்வர வேண்டியிருந்த கடலூர் வாசகருக்கு அது திறந்த கதவு. வாசகசாலை, குவிகம் போன்ற அமைப்புகள் இணையவழிக் கூட்டங்களை நடத்தியிருக்கின்றன. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் உரைகளை யூடியூபில் கேட்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்த நூல்களை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் உருவான நூலகம் அது.

கூட்ட அறிவிப்புகள் அமைப்புகளின் முகநூல் பக்கத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் வரும். நாளும் நேரமும் மாறக்கூடியவை என்பதால் அன்றன்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்தில் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். நெறியாளர் பேச்சை எப்படிப் பங்கிடுகிறார், நீளமாகப் பேசுபவரை எப்படி நிறுத்துகிறார், புதியவரை எப்படிப் பேச அழைக்கிறார் என்று கவனியுங்கள். நாளை நீங்கள் செய்ய வேண்டிய வேலைகள் அவைதாம்.

உங்கள் வட்டத்தைத் தொடங்குதல்

ஆட்கள்: மூன்று பேர் பொறுப்பெடுங்கள். ஒருவர் நெறியாளர், ஒருவர் இணைப்பையும் மியூட்டையும் பார்த்துக்கொள்பவர், ஒருவர் நூலைத் தேடிப் பகிர்ந்து நினைவூட்டல் அனுப்புபவர். இந்த வேலைகளை மாதந்தோறும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஆளின் தோளில் ஏறிய வட்டம் அவர் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தால் நின்றுபோகும்.

நாளும் நேரமும்: வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் மாவட்டத்தார் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்க்க விரும்பினால் சனிக்கிழமை மாலை 6.30 பொருந்தும். அப்போது துபாயில் மாலை 5, சவூதியிலும் குவைத்திலும் கத்தாரிலும் மாலை 4, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரவு 9. சவூதியில் வெள்ளியும் சனியும் விடுமுறை, எமிரேட்ஸில் 2022 முதல் சனியும் ஞாயிறும் விடுமுறை. இருவருக்கும் பொதுவானது சனி. ஒரு முறை முடிவு செய்த நேரத்தை மாற்றாதீர்கள். மாதத்தின் இரண்டாம் சனி என்றால் எப்போதும் இரண்டாம் சனிதான். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம், வடலூரில் தைப்பூசம் ஆகியவை அந்த நாளில் விழுந்தால் மட்டும் ஒரு வாரம் தள்ளி வையுங்கள்.

தளம்: இலவச ஸூமில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். இலவச கூகுள் மீட்டில் ஒரு மணி நேரம் கிடைக்கும். ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்படி திட்டமிட்டால் கூகுள் மீட் போதும். ஸூம் என்றால் இடையில் நிறுத்தி, அதே இணைப்பில் மறுபடி கூடலாம். டேட்டா குறைவாக உள்ளவர்கள் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் இருக்கட்டும். இதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் வீடியோ போடாதவர் கூச்சப்பட மாட்டார்.

பாதுகாப்பு: இணைப்பைப் பொதுவெளியில் போடாதீர்கள். பெயர் பதிந்தவருக்கு மட்டும் அனுப்புங்கள். காத்திருப்பு அறையை இயக்கி, தெரிந்த பெயரை மட்டும் உள்ளே விடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். இதனாலேயே சேரத் தயங்கும் பெண்கள் உண்டு. அறிவிப்புகளுக்கு வாட்ஸ்அப் சேனல் வைத்தால் யாருடைய எண்ணும் பிற உறுப்பினர்களுக்குத் தெரியாது. பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே அறிவித்து ஒப்புதல் வாங்குங்கள். பதிவு இல்லாத கூட்டத்தில் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் ஆறு மாதத்துக்கு ஒரு பட்டியல்

நம் மண்ணோடு தொடர்புள்ள நூல்களில் தொடங்கினால் புதியவருக்கும் பேச ஏதாவது இருக்கும். தெருப் பெயர், கோயில், ஏரி, பேச்சுவழக்கு என்று அவருக்குத் தெரிந்தது கதைக்குள் வரும். நீளம் குறைந்ததில் தொடங்குவது இந்தப் பட்டியலின் முறை.

முதல் மாதம்: புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்'. மிகச் சிறிய கதை, சில நிமிடத்தில் படித்துவிடலாம். படிக்க நேரமில்லை என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. வறுமைக்கு முன்னால் ஒழுக்கப் பேச்சு என்ன ஆகிறது என்ற கேள்வியைச் சுற்றியே ஒரு மணி நேரமும் போய்விடும்.

இரண்டாம் மாதம்: அவருடைய 'புதிய நந்தன்'. சிதம்பரத்தை அடுத்த ஆதனூர் நந்தனின் கதையை, காந்தியும் சுயமரியாதை இயக்கமும் பேசப்பட்ட காலத்துக்கு அவர் கொண்டுவருகிறார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளில் சிலவற்றையும் ஒருவர் பாடினால் பேச்சு இன்னும் ஆழமாகும். தில்லைக் கோயிலுக்குள் யார் நுழையலாம் என்பது சிதம்பரத்தில் பழங்கதையாக மட்டும் கேட்கப்படும் கேள்வி இல்லை. சாதியைப் பற்றிய பேச்சில் குரல் உயரக்கூடும். நெறியாளர் கதையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆசிரியர் இதை எந்த இடத்தில் எப்படிச் சொல்கிறார் என்று பேச்சைத் திரும்பத் திரும்பப் பனுவலுக்குக் கொண்டுவர வேண்டும்.

மூன்றாம் மாதம்: கல்கியின் 'பொன்னியின் செல்வன்', முதல் பாகமான 'புதுவெள்ளம்' நூலிலிருந்து முதல் பத்து அத்தியாயங்கள். 57 அத்தியாயங்கள் கொண்ட பாகத்தை ஒரே மாதத்தில் முடிக்க எண்ணாதீர்கள். வீரநாராயண ஏரி என்று கல்கி எழுதுவது நம் வீராணம் ஏரி. கடம்பூர் காட்டுமன்னார்கோவில் பக்கத்து ஊர். ஆடி மாதத்தில் வைத்துக்கொண்டால் கதை தொடங்கும் ஆடித் திருநாளோடு பொருந்தும். ஏரிக்கரை ஊர்க்காரர் ஒருவரை அழைத்து, ஏரியின் இன்றைய நிலையையும் பேசச் சொல்லுங்கள்.

நான்காம் மாதம்: வள்ளலாரின் 'மனுமுறை கண்ட வாசகம்'. 1823-இல் மருதூரில் பிறந்து வடலூரில் தருமசாலை கண்டவர் உரைநடையில் எழுதிய நூல், 1854-இல் வெளிவந்தது. பாடல்களால் அறியப்பட்டவரின் உரைநடையைப் பெரும்பாலோர் படித்திருக்க மாட்டார்கள். வாய்விட்டு வாசிக்க ஏற்றது. ஆளுக்கு ஒரு பகுதியாக வாசித்துப் பிறகு பேசுங்கள்.

ஐந்தாம் மாதம்: ஜெயகாந்தனின் 'யுகசந்தி'. கடலூருக்கும் நெய்வேலிக்கும் இடையே நடக்கும் கதை. விதவைப் பேத்தி மறுமணம் செய்துகொள்ள முடிவெடுக்கும்போது குடும்பம் ஒரு பக்கமும் பாட்டி ஒரு பக்கமும் நிற்கிறார்கள். இதை இணையத்தில் தேடாமல், உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் நூலகத்தில் தொகுப்பை எடுத்து வர வேண்டும் என்று விதியாக்குங்கள். பல ஆண்டுகளாக நூலகப் படி ஏறாதவரும் இந்தச் சாக்கில் ஏறுவார்.

ஆறாம் மாதம்: வாழும் எழுத்தாளர். மணக்கொல்லை கண்மணி குணசேகரனின் கதைகளை, அவர் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம். 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இமையத்தைப் படிக்கலாம். இருவரும் நம் மாவட்டத்தார். நூலை வாங்கிப் படித்துவிட்டு, பதிப்பகத்தின் வழியாக எழுத்தாளரைக் கூட்டத்துக்கு அழையுங்கள். உறுப்பினர்கள் படித்திருக்கிறார்கள் என்று முதல் கடிதத்திலேயே சொல்லுங்கள். படிக்காத கூட்டத்தில் பேச எந்த எழுத்தாளரும் விரும்பமாட்டார்.

பேச்சை நடத்தும் விதம்

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 5 நிமிடம் வரவேற்பு. அடுத்த 10 நிமிடத்தில் ஒருவர் நூலை அறிமுகம் செய்வார். கதைச் சுருக்கம் மட்டும் சொல்லி முடிக்காமல், தன்னைப் பிடித்து நிறுத்திய ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். பிறகு 35 நிமிடம் எல்லோரும் பேசலாம், ஆளுக்கு 3 நிமிடம். கடைசி 10 நிமிடத்தில் விடுபட்டவர் பேச வேண்டும், அடுத்த நூலும் அறிவிக்கப்பட வேண்டும்.

மூன்று கேள்விகளை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். ஆம், இல்லை என்று முடியும் கேள்வி வேண்டாம். 'யுகசந்தி' என்றால் இப்படிக் கேட்கலாம். பாட்டியின் முடிவுக்கு ஆசிரியர் எந்த இடத்திலிருந்து நம்மைத் தயார்செய்கிறார்? இந்தக் கதையை மகனின் பக்கத்திலிருந்து சொன்னால் என்ன மாறும்? நம் வீட்டில் இது நடந்தால் யார் என்ன சொல்வார்கள்? முதல் கேள்வி பனுவலைப் பற்றியது, இரண்டாவது எழுத்தின் கட்டமைப்பைப் பற்றியது, மூன்றாவது வாழ்க்கையைப் பற்றியது. இந்த வரிசையில் போனால் படித்தவரும் பேசுவார், படிப்பறிவு குறைந்தவரும் பேசுவார்.

படிக்காமல் வந்தவரைத் துரத்தாதீர்கள். கேட்டபின் படிப்பவர்களும் உண்டு. ஆனால் படித்தவர் பேசி முடித்த பிறகே அவருடைய முறை வரும் என்று சொல்லிவிடுங்கள். உரிமைக்கு உட்பட்ட நூலாக இருந்தால் சிறு பகுதியை வாசித்து விமர்சிக்கலாம். முழுக் கதையையும் வாசித்துப் பதிவேற்றக்கூடாது.

திரைக்கு வர முடியாதவர்கள்

எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இல்லை. வீட்டில் ஒரே போன் இருந்தால் அது பெரும்பாலும் ஆண்பிள்ளையின் பையில் இருக்கும். அதனால் சில ஊர்களில் ஒரு வீட்டுத் திண்ணையிலோ பள்ளி வகுப்பறையிலோ நாலைந்து பேர் ஒரே போனைச் சுற்றி உட்கார ஏற்பாடு செய்யுங்கள். ஒலிபெருக்கி ஒன்று இருந்தால் கேட்க வசதி. கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் தங்கள் கருத்தை முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பட்டும், நெறியாளர் அதைக் கூட்டத்தில் ஒலிக்கவிடுவார். மீன்பிடித் தொழிலுக்கோ இரவுப்பணிக்கோ போகிறவர்களும் இந்த வழியில் கலந்துகொள்ளலாம்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டம் தனி வழி தந்திருக்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக எந்த நூலையும் அவர்கள் படிக்கத்தக்க வடிவில் மாற்றித்தர அனுமதிக்கிறது. 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற மின்னூலகம் அத்தகையோருக்கானது. குறைபாட்டுச் சான்றுடன் உறுப்பினராகலாம். ஜெயகாந்தனோ இமையமோ பதிப்புரிமைக்குள் இருப்பது அவர்களுக்குத் தடையில்லை. மதுரைத் திட்டத்தின் எழுத்துக் கோப்புகளைப் போனில் உள்ள திரைவாசிப்பான் உரக்கப் படித்துக்காட்டும். பக்கப் படங்களை அது படிக்காது. ஆகவே பார்வையற்ற உறுப்பினர் இருக்கும் வட்டம் எப்போதும் எழுத்து வடிவையே பகிர வேண்டும்.

நூலகத்தோடு சேர்ந்து நடத்துங்கள்

இணைய வட்டம் தனியாக மிதந்தால் இரண்டாம் ஆண்டில் கலைந்துபோகும் வாய்ப்பு அதிகம். ஊர் நூலகத்தோடு கட்டிவைத்தால் நிற்கும். தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. கடலூர் மாவட்ட மைய நூலகத்திலோ, சிதம்பரத்திலோ, உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலோ நூலகரைச் சந்தித்து, வாசகர் வட்டத்தின் கூட்டத்தை மாதம் ஒருமுறை இணையத்திலும் நடத்தலாமா என்று கேளுங்கள். எழுத்துவடிவில் ஒரு விண்ணப்பம், ஆறு மாத நூல் பட்டியல், பொறுப்பாளர் மூவரின் பெயர் இவற்றோடு போனால் பேச்சு எளிதாகும். இணைய வசதி உள்ள நூலகமாக இருந்தால் அங்கேயே திரையிட்டு நேரிலும் சிலர் உட்காரலாம்.

கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம் அந்த வரியைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்று உழைத்தவர் கொள்ளிடத்துக்குத் தெற்கே சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். நூலகத்துக்கு அவர் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று வாசகரின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்கிறது. 6.30 என்று அறிவித்த கூட்டத்தை 6.30-க்கே தொடங்குவது அந்த விதியைக் காப்பதுதான். அதே 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் கிராமங்களுக்குப் புறப்பட்டது. நூலகம் வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்ற அந்த நோக்கத்தைத்தான் இன்று மின்னூலகமும் இணையக் கூட்டமும் தொடர்கின்றன.

ஆண்டில் சில நாட்களாவது நேரில் கூடுங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அதையொட்டி நூலகத்திலேயே ஒரு கூட்டம் வைக்கலாம். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி 1998-இல் தொடங்கியது. திரையில் மட்டும் பார்த்துப் பழகிய உறுப்பினர்கள் அங்கே ஒரு நாள் சேர்ந்து போய்வரலாம். கையில் காசிருப்பவர்கள் பதிப்பில் உள்ள நூல் ஒன்றை வாங்கி, படித்த பிறகு ஊர் நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுத்தால் அடுத்த மாதம் வேறொருவர் படிக்கக் கிடைக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

ஒன்று: மதுரைத் திட்டத்தில் புதுமைப்பித்தனைத் தேடி 'பொன்னகரம்' படியுங்கள்.

இரண்டு: அது உங்களை என்ன செய்தது என்று நான்கு வரி எழுதி, படிக்கும் பழக்கமுள்ள இரண்டு பேருக்குக் கதையோடு அனுப்புங்கள். அவர்கள்தாம் உங்களோடு பொறுப்பெடுக்கப் போகும் மற்ற இருவர்.

மூன்று: ஊர் நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டை நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிறு காப்புத்தொகை கட்டிப் புதிதாக வாங்குங்கள். வாசகர் வட்டத் தலைவர் யார் என்று நூலகரிடம் கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு: மூவரும் பேசி, வரும் மாதத்தின் ஒரு சனிக்கிழமையைக் குறித்து அறிவியுங்கள். முதல் கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தாலும் குறித்த நேரத்தில் தொடங்கி, பேசி, அடுத்த நூலின் பெயரைச் சொல்லி முடியுங்கள். ஆள் குறைவு என்று ஒத்திவைக்காதீர்கள். தவறாமல் நடக்கிறது என்று தெரிந்த கூட்டத்துக்குத்தான் ஆள் சேரும்.